வெள்ளம் புகுந்த வண்டி

பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே பழகிப்போன ஒருவன், தான் மறந்துவிட்ட பாடம் ஒன்றைப் பற்றி எழுத முற்படும்போது சிறிது கூச்சம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் ரெக்சாஸிலும் நியூ ஜேர்சியிலும் கலிபோர்ணியாவிலும் வாழும் எம்மவர் குடும்பங்களில் வாகனம் இல்லாத குடும்பம் அரிது. பலருக்கு வாகனமே தொழில். அது நின்றுவிட்டால் அடுப்பும் நின்றுவிடும். ஆகவே என் அறியாமையை மறைக்காமல் எழுதுகின்றேன். இதனை வாசிக்கும் ஒருவராவது ஒரு மழைநாளில் தமது வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு சேர்வாரானால் எனக்கு அது போதும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலைப்பட்டம் பெற்று, வன்னியிலே தமிழும் வரலாறும் கற்பித்தவன். இயந்திரங்களைப் பற்றி நான் அந்நாளில் அறிந்திருந்ததெல்லாம், பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களைப் பின்னால் நின்று தள்ளிக் கொடுத்த அனுபவம் மட்டுமே. சிறு போத்தலில் பொக்கிஷம் போல வைத்திருந்த பெற்றோலிலே சில துளிகளை விட்டு உயிர் கொடுத்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அந்தக் கார்களை எமது தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள்.

வெள்ளத்தைக் கடப்பது எப்படி என்பதை எனக்கு முதன்முதலிற் கற்பித்தவர் ஒரு லொறிச் சாரதி. 1996ஆம் ஆண்டு கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தபோது எமது பாடசாலையும் இடம்பெயர்ந்தது. அவ்வாண்டின் மாரிமழையில் ஒருநாள், எஞ்சிய மேசை கதிரைகளையும் கரும்பலகைகளையும் ஏற்றிக்கொண்டு அக்கராயனிலிருந்து மல்லாவிப் பக்கம் சென்றோம். வழியிலே ஒரு காட்டாறு பாதையை மூடிப் பாய்ந்து கொண்டிருந்தது. சாரதி லொறியை நிறுத்தினார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர், அதிகம் பேசமாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடியை முறித்தெடுத்து, நீருக்குள் தாமே முதலில் இறங்கினார். நடுப்பகுதியில் நீர் அவருடைய தொடைக்கு வந்தது. திரும்பி வந்து லொறியின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இருக்கையிற் சாய்ந்து கொண்டார்.

"ஏன் அண்ணை, லொறி உயரந்தானே, போகேலாதோ?" என்று அவசரப்பட்டேன்.

"மாஸ்ரர், தண்ணியின்ரை மேல்தான் கண்ணுக்குத் தெரியும். அடியைக் கால்தான் சொல்லும். விடியட்டும், பாப்பம்" என்றார்.

அன்றிரவு காட்டோரத்தில் நுளம்புக்கடியோடு கிடந்தோம். விடிந்தபோது நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர் காற்றாடிப் பட்டியைத் தளர்த்தினார். காற்றாடி சுழன்று நீரை இயந்திரத்தின் மேல் வாரி இறைக்காமல் இருப்பதற்காக. லொறியின் முன்வாயிலே சாக்குகளைக் கட்டினார். முதலாம் கியரிலே, கூட்டாமலும் குறைக்காமலும் நிறுத்தாமலும், ஒரே சீராகக் கடந்து சென்றார். மறுகரையேறியதும் பிரேக்கைப் பலமுறை மெல்ல மெல்ல மிதித்து, அதில் ஊறிய நீரை உலர்த்தினார். ஒரு கரும்பலகையேனும் நனையவில்லை. அந்த மனிதர் இன்று எங்கிருக்கின்றாரோ, இருக்கின்றாரோ இல்லையோ, நானறியேன்.

இருபத்தொரு ஆண்டுகள் கழிந்து, ஹூஸ்ரன் நகரிலே நான் அந்தப் பாடத்தை மறந்தேன்.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆம் திகதி இரவு, ஹார்வி என்ற சூறாவளி நான்காம் தரப் புயலாக ரெக்சாஸ் கரையிலே றொக்போர்ட் என்னும் ஊரருகே ஏறியது. கரையேறியபின் அகன்று போகாமல், நாட்கணக்கில் அப்பகுதியிலேயே சுற்றிச்சுற்றி நின்று மழையைக் கொட்டியதே அதன் கொடுமை. நெதர்லண்ட் என்ற ஊரிலே மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. ஹூஸ்ரனோ தட்டையான நிலம். 'பாயூ' என்று இங்குள்ளோர் அழைக்கும் மெதுவாக ஓடும் ஆறுகளே நகரின் வடிகால்கள். அவை நிரம்பினால், மிகுதி நீரைத் தற்காலிகமாகத் தாங்கும்படியே இந்நகரின் வீதிகள் அமைக்கப்பட்டுள்ளன என்பதை நான் பிற்பாடே அறிந்தேன். வீடுகளைக் காக்க வீதி மூழ்கவேண்டும். அதுவே இங்குள்ள ஏற்பாடு. அந்த வீதியிலே வண்டியோடு நிற்பவன்தான் அகப்பட்டுக் கொள்கின்றான்.

26ஆம் திகதி சனிக்கிழமை இரவு. என் மனைவி முதியோர் பராமரிப்பு இல்லமொன்றிலே மாலை வேலை செய்து கொண்டிருந்தார். மழை வலுத்ததைக் கண்டு அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு வரவேண்டாம். நான் இஞ்சையே நிக்கிறன். மேல்மாடி, ஒரு பயமும் இல்லை."

நான் கேட்டேனா? இல்லை. மனைவியை இரவில் வேலைத்தலத்தில் விட்டுவிட்டு வீட்டில் இருப்பது ஆண்மகனுக்கு அழகல்ல என்றொரு வீண் எண்ணம். அதற்கும் மேலாக, என்னிடம் இருந்தது கார் அல்ல, பிக்கப் வண்டி. பத்தாண்டு பழையதாயினும் உயரமானது. பழைய தளபாடங்களை ஏற்றி இறக்கும் என் தொழிலுக்காக 7,000 டொலர் கொடுத்து வாங்கியது. அதிற் பாதி கடன். உயரமான வண்டி எதையும் கடக்கும் என்று நினைத்தேன். பதினான்கு வயது மகனையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பெருந்தெருவின் கீழாகச் செல்லும் பள்ளமான வீதி ஒன்று. விளக்கொளியில் நீர் கறுப்புக் கண்ணாடி போலக் கிடந்தது. எனக்கு முன்னே ஒரு பெரிய வண்டி இறங்கி ஏறிச் சென்றதைக் கண்டேன். அது போனால் நானும் போகலாம் என்று இறங்கினேன். முன்னே சென்ற வண்டியின் சில்லுகள் என்னுடையவற்றிலும் எவ்வளவு பெரியவை என்பதை நான் பார்க்கவில்லை. நடுப்பகுதிக்குச் சென்றபோது கதவின் அடியால் நீர் உள்ளே வந்தது. முதலிற் பாதம் நனைந்தது, பின் கணுக்கால். "அப்பா, தண்ணி வருது" என்று மகன் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்தான். வண்டியின் பின்பக்கம் ஒருகணம் தானாகவே இடப்புறம் அசைந்தது. நான் திருப்பவில்லை, வண்டிதான் அசைந்தது. அந்த ஒரு கணத்தை இன்றும் என் உடம்பு மறக்கவில்லை. பிறகு முன்சில்லுகள் மேட்டைப் பற்றின. ஏற்றத்தில் பாதி ஏறியதும் இயந்திரம் இருமி நின்றது.

இறங்கிப் பார்த்தோம். அங்கே நீர் எங்கள் கணுக்கால் மட்டுந்தான். இருவருமாகத் தள்ளியும், நல்லிதயம் படைத்த ஓர் அந்நியர் கைகொடுத்தும், அருகே மேடான நிலத்திலிருந்த பெற்றோல் நிலையம் வரை வண்டியைக் கொண்டு சேர்த்தோம். நான் மறுபடியும் ஏறியமர்ந்து திறப்பிலே கையை வைத்தேன். ஏதோ ஒரு நல்லூழ்; முதலில் ஒரு தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். கிளிநொச்சியிலே கராஜில் வளர்ந்தவர், எங்கள் குடியிருப்பிலேயே வாழ்பவர். விடயத்தைக் கேட்டதும் அவர் கத்தினார்:

"திறப்பைத் தொடாதேங்கோ மாஸ்ரர்! தொட்டியளோ, எஞ்சின் சரி!"

அவர் சொன்ன விளக்கத்தைப் பிறகு ஆறுதலாகக் கேட்டறிந்தேன். இயந்திரம் மூச்செடுப்பது காற்றினால். அது காற்றை இழுக்கும் குழாய் நீரில் அமிழ்ந்தால் நீரை இழுக்கும். காற்றை அமுக்கிச் சிறிதாக்கலாம்; நீரை அவ்வாறு அமுக்க இயலாது. உருளைக்குள் நீர் இருக்கும்போது திறப்பைத் திருப்பினால், மேலெழும் ஆடுதண்டு நீரிலே முட்டி நிற்கும். அதனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளையும். வெள்ளத்திலே நின்றுபோன வண்டிகளிற் பல, வெள்ளத்தால் அழிந்தவை அல்ல. நின்றபின் சொந்தக்காரர் திறப்பைத் திருப்பியதால் அழிந்தவை.

அவர் சொற்படி அவ்விரவே பற்றறியின் கறுப்புக் கம்பியைக் கழற்றினேன். ஈரமான கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்புகள் விரைவில் அரித்துப்போகும் என்றார்.

அதன்பின் மூன்று நாட்கள் அந்தப் பெற்றோல் நிலையமே எமது அகதிமுகாம். பாகிஸ்தானியரான கடைக்காரர் தேநீர் தந்தார். தரையிலே அட்டைப்பெட்டிகளை விரித்து இருபது பேர் படுத்தோம். என் மனைவியோ தாம் சொன்னபடியே மேல்மாடியில், உலர்ந்த படுக்கையில், முதியவர்களைப் பராமரித்துக்கொண்டு பத்திரமாக இருந்தார். நகரின் நடுவே ஜோர்ஜ் பிறவுண் மாநாட்டு மண்டபத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் தஞ்சமடைந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்தப் பாய்களும் வரிசைகளும் எனக்குப் புதியனவாகத் தோன்றவில்லை. புதியது ஒன்றுதான்: இம்முறை என் மகனை ஆபத்துக்குள் கொண்டு சென்றவன் நானே. குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் தப்பிப் பிள்ளையை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவன், முப்பது யார் நீரிலே அவனைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

பின்னர் கணக்குப் பார்த்தேன். ஒரு கன அடி நீரின் நிறை ஏறத்தாழ 62 இறாத்தல். 5,000 இறாத்தல் நிறையுள்ள வண்டி 80 கன அடி நீரை விலக்கினால் மிதக்கத் தொடங்கும். ஆக்கிமிடீசின் விதி அது. வண்டியின் அடித்தட்டுக்கு மேலே ஏறத்தாழ ஓரடி நீர் சூழ்ந்தாலே, உள்ளே நீர் புகுந்து நிரம்பும்வரை, வண்டியின் பாரத்தை நீர் சுமந்துவிடும். அதற்கு முன்னரே சில்லுகள் தரையின் பிடியை இழக்கத் தொடங்கும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை சொல்வதும் இதுவே: 6 அங்குல நீர் காரின் கட்டுப்பாட்டைப் பறிக்கலாம், 12 அங்குல நீர் பல கார்களை மிதக்கச் செய்யும், 2 அடி ஓடுநீர் பிக்கப் வண்டிகளையும் அள்ளிச் செல்லும். உயரமான வண்டி என்ற என் நம்பிக்கையின் விலை, அந்தக் கணக்கிலே ஓரடி வித்தியாசம் மட்டுமே. ஹார்வியினால் ரெக்சாஸில் நேரடியாக மாண்டவர்கள் 68 பேர். மிகப் பெரும்பாலோர் மழைவெள்ளத்தில் மாண்டனர். அவர்களுட் பலர் வாகனங்களிலே அகப்பட்டவர்கள்.

செவ்வாய் மாலை மழை விட்டபின் தம்பி கருவிப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி நடந்தே வந்து சேர்ந்தார். நீர் வடிந்த வீதியெங்கும் சேறு மணத்தது. அவர் செய்தவற்றை ஒழுங்காகக் கூறுகின்றேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்தார். கடதாசி வடிகட்டி பாதியளவு நனைந்திருந்தது. "குடிச்சிட்டுது" என்றார். பின் பிளக்குகள் யாவற்றையும் கழற்றி, பெரிய குறடு ஒன்றினால் இயந்திரத்தைக் கையாலேயே மெல்லச் சுழற்றினார். ஒரு துவாரத்திலிருந்து ஒரு மிடறு அளவு நீர் வெளியே பாய்ந்தது. நான் அந்த ஒரு மிடறு நீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திறப்பைத் திருப்பியிருந்தால் என் தொழில் அதோடு முடிந்திருக்கும். ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது எண்ணெய் விட்டு, துருப்பிடிக்காமல் காத்தார்.

அடுத்து எண்ணெய் அளக்கும் கோலை இழுத்துப் பார்த்தார். எண்ணெயில் நீர் கலந்தால் அது பால்தேநீர் போல நிறம் மாறும். இயந்திர எண்ணெயும் கியர்ப்பெட்டி எண்ணெயும் தெளிவாகவே இருந்தன, ஆயினும் மாற்றினார். ஆனால் பின்னச்சின் நடுவே உள்ள பற்சில்லுப் பெட்டியைத் திறந்தபோது பால்தேநீரேதான் வடிந்தது. காரணம் வியப்புக்குரியது. ஓடிச் சூடேறிய அப்பெட்டி திடீரெனக் குளிர்நீரில் அமிழும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்குகின்றது. மூச்சுவிடும் சிறு துளையால் வெளிநீரை உறிஞ்சிக் கொள்கின்றது. வெளியே ஒரு குறையும் தெரியாது. சில மாதங்களின் பின் பற்கள் தேய்ந்து அரைபடும்போதே தெரியவரும். பிரேக்குகளைக் கழற்றிச் சேற்றைக் கழுவினார்; சில்லுகளின் குண்டுப்போதிகைகளுக்குப் புதிய கிறீஸ் பூசினார்.

வண்டியின் உட்புறம் என் பொறுப்பாயிற்று. அதுவே மிகக் கடினமான வேலை. கம்பளத்தின் மேற்புறத்தை உலர்த்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். தம்பி இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தை உரித்துக் காட்டினார். அதன் அடியிலிருந்த தடித்த பஞ்சு விரிப்பு கடற்பஞ்சு போல நீரைக் குடித்திருந்தது. பிழிந்தபோது வாளி வாளியாக வடிந்தது. அடித்தட்டிலே இறப்பர் மூடிகள் உண்டு. அவற்றைக் கழற்றினால் தேங்கிய நீர் கீழே வடியும். வெள்ளநீரிலே மலக்கழிவும் எண்ணெயும் கலந்திருப்பதால் கையுறை அணிந்து, முதலில் நல்ல நீரால் கழுவிய பின்னரே உலர்த்தவேண்டும். ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பர். எமக்கோ மூன்று நாள் கடந்துவிட்டது. பஞ்சு விரிப்பை எறிந்தோம். கம்பளத்தைக் கழுவி வெயிலிலே போட்டோம். கதவுகளைத் திறந்துவைத்து, இரவல் வாங்கிய காற்றாடிகளை ஒரு வாரம் ஓடவிட்டோம்.

இருக்கையின் கீழே மின்கம்பிகளின் இணைப்புகள் இருந்தன. சிலவற்றில் அதற்குள்ளாகவே பச்சைக் களிம்பு பூக்கத் தொடங்கியிருந்தது. தம்பி துலக்கினார், ஆனால் முகம் மலரவில்லை. "எஞ்சினைக் காப்பாத்திப்போட்டன் மாஸ்ரர். இதுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டன். காற்றுப்பையின்ரை மூளையும் இதுக்குக் கீழைதான் கிடக்குது" என்றார். விபத்து நேர்ந்தால் விரிந்து உயிர்காக்கும் காற்றுப்பையை இயக்கும் சிறு பெட்டி, வண்டியின் நடுவே தரையோடு இருந்தது. நீர் அதனைத் தொட்டிருந்தது.

வண்டி ஓடியது. உதிரிப்பாகங்களுக்கும் எண்ணெய்களுக்கும் 640 டொலர் செலவாயிற்று. தம்பி கூலியாக ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார்.

காப்புறுதி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தும் மிகக் குறைந்த காப்புறுதியையே நான் வைத்திருந்தேன். அது நான் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டுமே. வெள்ளம், ஆலங்கட்டி, களவு, தீ ஆகியவற்றுக்கு ஈடு தருவது முழுமைக் காப்புறுதி என்ற வேறொன்று. மாதம் சில டொலர்களை மிச்சம் பிடித்து, ஏழாயிரத்தை நீரில் விட்டேன்.

இனித்தான் நான் எழுதத் தயங்கும் பகுதி வருகின்றது.

ஹார்வியின் பின் ஹூஸ்ரனில் இலட்சக்கணக்கான வாகனங்கள் அழிந்தமையால் பழைய வண்டிகளுக்குக் கடுந்தட்டுப்பாடு. பழைய வாகன வியாபாரி ஒருவர் என் வண்டியைப் பார்த்தார். "வாசனைத் திரவம் அடித்து, புதிய கம்பளம் போட்டுவிட்டு, பேசாமல் விற்றுவிடுங்கள். 5,500 கிடைக்கும். யாருக்கும் தெரியவராது" என்றார். அவர் சொன்னது உண்மை. காப்புறுதி நிறுவனம் முழுநட்டம் என்று கணித்த வண்டிக்கு அந்தச் சேதம் பதிவாகும். அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால், தேசியக் காப்புறுதிக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் இலவசப் பதிவேட்டிலே அது தெரியவரும். என் வண்டிக்கோ ஈடு கேட்கப்படவேயில்லை. ஆகவே அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது நீரில் நின்றதை அறிந்தவர்கள் நாங்கள் சிலர் மட்டுமே. கடனோ பாக்கி இருந்தது. வாடகை நாள் நெருங்கியது. இரண்டு இரவுகள் உறங்காமல் யோசித்தேன். இறுதியில், விற்பதென்றே முடிவு செய்தேன். அதை எழுத வெட்கப்படுகின்றேன்; ஆனாலும் அதுவே உண்மை.

வாங்க வந்தவர் கொங்கோ நாட்டிலிருந்து அகதியாக வந்து ஓராண்டும் ஆகாத இளைஞர். மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார். பணத்தை ஒரு தடித்த உறையிலே வைத்து, உறையைச் சட்டையின் உட்பையிலே வைத்து, அதன்மேற் கையை வைத்திருந்தார். அந்தக் கையை நான் அறிவேன். கொழும்பு விடுதிகளிலே நானும் அவ்வாறே நின்றிருக்கிறேன்; என் பணத்துக்குப் பொய் விற்றவர்களையும் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் வண்டியில் ஏறி, இருக்கையில் துள்ளி விளையாடினர். அந்த இருக்கையின் கீழேதான் அந்தப் பெட்டி.

அப்போது என் மகன் அருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இருக்கைப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்து, அதன் அடிப்பகுதியிலே வெள்ளம் விட்டுச்சென்ற பழுப்புக் கோட்டை அந்த இளைஞருக்குக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின் என் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போய்விட்டார். உறையிலிருந்த பணமும் போயிற்று. அன்றிரவு நான் பெருமைப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். வாடகையை நினைத்துப் புழுங்கினேன். நண்பர் ஒருவரிடம் கடன்பட்டேன்.

வண்டியை நானே ஓட்டினேன். ஏழு மாதத்தில் யன்னல்கள் இறங்க மறுத்தன. பின் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணையாமலே நின்றது. 2018ஆம் ஆண்டு இறுதியில், பெருந்தெருவிலே ஓடிக்கொண்டிருந்தபோது விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்தன. தெய்வாதீனமாகப் பகல்நேரம், நான் தனியே இருந்தேன். ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் இருந்தேன். அந்தப் பிள்ளைகள் இருவரும் இருக்கையில் துள்ளியதே கண்முன் நின்றது. வண்டியைப் பழைய இரும்புக்காரருக்கு 450 டொலருக்குக் கொடுத்தேன்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது சிலவே. வீதியை மூடிய நீரைக் கண்டால் திரும்புங்கள். லொறிச் சாரதியைப் போல இறங்கி அளந்து பார்க்கவும் வேண்டாம். நகர வெள்ளத்தின் அடியிலே மூடி பெயர்ந்த சாக்கடைக் குழிகளும் அறுந்த மின்கம்பிகளும் இருக்கலாம். அவரிடமிருந்து எடுக்கவேண்டியது தடியை அல்ல. விடியும்வரை காத்திருந்த பொறுமையை. தடுப்பு வைத்திருந்தால் அதைச் சுற்றிச் செல்லாதீர்கள். ரெக்சாஸில் அது குற்றமுமாகும். வண்டி நீரில் நின்று நீர் ஏறத் தொடங்கினால், பொருட்களைத் தேடாமல் உடனே பட்டியைக் கழற்றி, மின்சாரம் இருக்கும்போதே யன்னலை இறக்கி வெளியேறுங்கள். நீரின் அழுத்தத்தில் கதவு திறவாது. கரைசேர்ந்தபின் திறப்பைத் தொடாதீர்கள். மின்கலத்தால் ஓடும் வண்டி உப்புநீரில் மூழ்கியிருந்தால் வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி நிறுத்துங்கள். 2022இல் புளோரிடாவைத் தாக்கிய இயன் புயலின் பின் அத்தகைய வண்டிகள் சில தாமாகவே தீப்பற்றின. பழைய வண்டி வாங்கும்போது இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கம்பளத்தின் அடியை முகர்ந்து பாருங்கள்.

இது ரெக்சாஸுக்கு மட்டும் உரிய துன்பமல்ல. 2021ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாம் திகதி, ஐடா புயலின் எச்சமழையிலே நியூ ஜேர்சியில் ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் வாகனங்களில் அகப்பட்டவர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, எமது கிழக்கிலே, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்திலே, மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர்களும் உடன்சென்றவர்களுமாகப் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரமும் உயரமான வாகனந்தான். வீடு சேரவேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

2024ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி பெரில் புயல் ஹூஸ்ரனைத் தாக்கியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. அன்று மாலை, வேலைக்குப் போய்த் திரும்ப வழியில்லாதிருந்த தாயாரை அழைத்துவர என் மகன் புறப்பட்டான். இப்போது அவனுக்கு ஒரு வண்டி உண்டு. முழுமைக் காப்புறுதியும் உண்டு. அரைமணி நேரத்தில் வீட்டு வாசலில் வண்டியின் சத்தம் கேட்டது. தனியாகத்தான் இறங்கினான்.

"அந்தப் பள்ளத்திலை தண்ணி நிக்குது அப்பா. அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன், நாளைக்கு வாறனெண்டு."

"அம்மா என்ன சொன்னவ?"

"'நல்லது ராசா, அப்பாவுக்கும் சொல்லு' எண்டவ" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் உள்ளே போனான்.